கிழவரைவிட இளையவர் 'மூத்தவர்'!

நார்வே மொழியில் ஒப்பிட்டுப் பேசுவதில் உள்ள விந்தைகள்

நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் ஒரு பூங்கா. அங்கே ஒரு பெஞ்சியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒருவருக்கு வயது 65. மற்றவருக்கு 85. முதலாமவரை அந்நாட்டார் 'எல்ட்ரே மன்' என்பார்கள். இரண்டாமவரைக் 'கம்மெல் மன்' என்பார்கள். 'மன்' என்றால் மனிதர். அதில் சிக்கல் ஒன்றுமில்லை. சிக்கலெல்லாம் முன்னால் நிற்கும் அடைமொழியில்தான் இருக்கிறது.

இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால், 'கம்மெல்' என்பதற்கு 'வயதான' என்று பொருள் போட்டிருக்கும். 'எல்ட்ரே' என்பதற்கு 'அதைவிட வயதான' என்று பொருள் போட்டிருக்கும். அப்படியானால் 85 வயதுக்காரர் வெறும் வயதானவர். அவரைவிட 20 வயது இளையவர் 'அதிக வயதானவர்'! கணக்கு உதைக்கிறதல்லவா? ஆனால் நார்வேயில் இதைக் கேட்டு யாரும் வியப்பதில்லை. 65 வயதுக்காரரிடம் தவறிப் போய்க் 'கம்மெல்' என்று சொல்லிவிட்டால்தான் வம்பு. 'எல்ட்ரே' என்றால் அவர் முகத்தில் சுளிப்பு இராது.

'அதிகம்' என்று சொல்ல வேண்டிய ஓர் உருவம் 'கொஞ்சம் குறைவு' என்று சொல்ல எப்படிக் கற்றுக்கொண்டது? இந்தச் சிறு கேள்விக்குள் ஒரு நாட்டின் பழைய வரலாறும், இன்னும் தீராத ஒரு மொழி வழக்கும், அந்த மக்களின் சுபாவமும் அடங்கியிருக்கின்றன.

மூன்று படிகள்

நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்தவர்களுக்குக் 'குட், பெட்டர், பெஸ்ட்' மனப்பாடம். நார்வே மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவை. ஆகையால் அங்கேயும் அதே மூன்று படிகள்தாம். 'கூ' என்றால் நல்லது. 'பேட்ரே' என்றால் அதைவிட நல்லது. 'பெஸ்ட்' என்றால் எல்லாவற்றிலும் நல்லது.

ஆனால் இது விதிவிலக்கான சொல். சாதாரணச் சொற்களுக்கு வழி இன்னும் சுலபம். 'ஃபீன்' என்றால் நேர்த்தியான. அதன் வாலில் 'எரே' சேர்த்து 'ஃபீனெரே' என்றால் 'அதைவிட நேர்த்தியான'. 'எஸ்ட்' சேர்த்து 'ஃபீனெஸ்ட்' என்றால் 'எல்லாவற்றிலும் நேர்த்தியான'. சில சொற்களுக்கு இந்த வால் ஒட்டாது. உதாரணமாக, நடைமுறைக்கு உகந்த என்னும் பொருளுள்ள 'ப்ரக்திஸ்க்' போன்ற சொற்களுக்கு முன்னால் 'மேர்' என்றும் 'மெஸ்ட்' என்றும் தனிச் சொற்கள் வந்து நிற்கும். எதோடு ஒப்பிடுகிறோமோ அதற்கு முன்னால் 'என்' என்ற குட்டிச் சொல் வரும். நம் 'விட' செய்கிற வேலையை அங்கே 'என்' செய்கிறது.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. 'பெரிய' என்ற சொல் எங்கே போனாலும் 'பெரிய'தான். 'அதைவிடப் பெரிய', 'அதைக் காட்டிலும் பெரிய', 'அதிலும் பெரிய' என்று பக்கத்துச் சொல்லில்தான் மாறுதல் நிகழும். அடைமொழி அசையாது. நார்வே மொழியிலோ அடைமொழியே உடை மாற்றிக் கொள்கிறது.

உடை மாற்றினாலும் அதில் ஒரு சௌகரியம் உண்டு. நார்வே மொழியில் உயிரற்ற பொருள்களுக்கும் பால் பாகுபாடு இருக்கிறது. கார் ஆண்பால்; வீடு அலிப்பால். பெரிய கார் என்றால் 'ஸ்டூர்', பெரிய வீடு என்றால் 'ஸ்டூர்ட்', பலவானால் 'ஸ்டூரே' என்று அடைமொழி பெயர்ச்சொல்லின் பின்னாலேயே ஓட வேண்டும். சிறிய என்பதற்கு வரும் சொல் இன்னும் மோசம். அதற்கு லீத்தன், லீத்தா, லீத்தெ, லில்லெ, ஸ்மோ என்று ஐந்து முகங்கள்! ஆனால் ஒப்பிடத் தொடங்கியதும் இந்தக் கூத்தெல்லாம் ஓய்ந்துவிடும். 'அதைவிடச் சிறிய' என்பதற்கு 'மின்ட்ரே' ஒன்றே ஒன்றுதான். காருக்கும் அதே, வீட்டுக்கும் அதே, ஒன்றுக்கும் அதே, பலவற்றுக்கும் அதே. மொழியைப் புதிதாகக் கற்க வருகிறவர்கள் மூச்சு விட்டுக்கொள்ளும் இடம் இது.

மூன்றாம் படியான உயர்வுச் சொல்லுக்கு நார்வேயில் வேலை நிறைய. நாட்டின் மிக உயர்ந்த மலை கால்ட்ஹொப்பிக்கென், 2,469 மீட்டர். மிக நீண்டதும் மிக ஆழமானதுமான கடற்கழி சோங்னெஃப்யோர்ட். 200 கிலோ மீட்டருக்கு மேல் நிலத்துக்குள் புகுந்து, 1,300 மீட்டருக்கு மேல் ஆழம் கொண்டது. வடக்கே காராஷோக் என்ற ஊரில் 1886-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, உறைநிலைக்குக் கீழே 51.4 டிகிரிக்குக் குளிர் இறங்கியது. நாட்டில் பதிவான குளிர்களில் அதுவே உச்சம். இப்படிப்பட்ட பூமியில் 'மிக உயர்ந்த, மிக ஆழமான, மிகக் குளிர்ந்த' என்று சொல்லாமல் பூகோளப் பாடமே நடத்த முடியாது.

நாரில் தங்கிய மணம்

சில சொற்கள் வால் சேர்வதோடு நிற்பதில்லை, வயிற்றிலும் மாறுகின்றன. பெரிய என்பது 'ஸ்டூர்'. அதைவிடப் பெரிய என்பது 'ஸ்டொர்ரே'. நீண்ட என்பது 'லாங்'. அதைவிட நீண்ட என்பது 'லெங்ரே'. இளைய என்பது 'உங்'. அதைவிட இளைய என்பது 'இங்ரே'. கனமான என்பது 'துங்'. அதைவிடக் கனமான என்பது 'திங்ரே'. (இந்த 'இ'யை உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் அந்த ஒலியை அப்படியே காட்ட வழியில்லை.)

இந்த வயிற்று மாற்றத்துக்குக் காரணம் என்ன? மொழி நூலார் இதற்குத் தெளிவாக விடை கண்டிருக்கிறார்கள். ஆதி ஜெர்மானிய மொழியில் ஒப்பீட்டு விகுதி இரண்டு வகையாக இருந்தது. ஒன்றில் 'ஓ' ஒலி இருந்தது. மற்றொன்றில் 'இ' ஒலி இருந்தது. 'இ' சொல்ல நாக்கு முன்னால் வர வேண்டும். வரப்போகும் 'இ'யை எதிர்பார்த்து நாக்கு முன்கூட்டியே நகர்ந்ததால், அதற்கு முன்னிருந்த உயிரொலியும் முன்னால் இழுக்கப்பட்டது. நாளடைவில் 'இ' தேய்ந்து மறைந்தது. அது இழுத்துவிட்ட ஒலி மட்டும் இழுத்த இடத்திலேயே தங்கிவிட்டது.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே பூ உதிர்ந்து நூற்றாண்டுகள் பல ஆகிவிட்டன. நார் இன்னும் மணக்கிறது. வைக்கிங்குகள் கப்பலேறிய காலத்திலேயே இந்த மாற்றம் முடிந்து போயிருந்தது. ஆங்கிலத்தில் 'ஓல்டு' என்பதற்குப் பக்கத்தில் 'எல்டர்' என்று ஒரு சொல் நிற்பதும், ஜெர்மன் மொழியில் 'லாங்' என்பது 'லெங்கர்' ஆவதும் இதே மணம்தான்.

ஓர் எழுத்தில் ஒரு வழக்கு

இதுவரை சொன்னது நார்வே மொழியின் ஒரு பாதி. 'ஃபீனெரே' என்று எழுதுகிறவர்களும் நார்வீஜியர். 'ஃபீனரே' என்று எழுதுகிறவர்களும் நார்வீஜியர். 'எ'யா 'அ'வா என்ற இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைப் பார்த்தே, எழுதியவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். ஏனென்றால் நார்வேக்கு எழுத்து மொழிகள் இரண்டு. ஒன்று 'பூக்மோல்', மற்றொன்று 'நீநொர்ஸ்க்'. முன்னதில் 'எரே, எஸ்ட்'. பின்னதில் 'அரே, அஸ்ட்'.

இந்தப் பிளவின் கதை நெடியது. நார்வே 1380-ஆம் ஆண்டு முதல் 1814 வரை டென்மார்க்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் பழைய நார்வீஜிய எழுத்து வழக்கொழிந்து போய், கோவிலிலும் கச்சேரியிலும் பள்ளியிலும் டேனிஷ் மொழியே எழுத்து மொழியாயிற்று. 1814-இல் டென்மார்க்கின் பிடி விட்டது. நார்வேக்குத் தனி அரசியல் சட்டமும் கிடைத்தது. ஆனால் பேனா பிடித்தால் வந்தது டேனிஷ்தான். அந்த டேனிஷ் வழியாக வந்த வால்தான் 'எரே'.

இந்நிலையில் ஐவார் ஓசென் என்பவர் தோன்றினார். மேற்குக் கடற்கரைப் பக்கம் ஓர்ஸ்டா என்ற ஊரில் 1813-ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடியானவரின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பல்கலைக்கழகப் படிகளை மிதிக்காமல் தாமே படித்து இலக்கணம் கற்றவர். டிராண்ட்ஹெய்ம் நகரத்து விஞ்ஞானக் கழகம் அவருக்கு உதவித் தொகை அளித்தது. அதைக் கொண்டு 1842 முதல் 1846 வரை அவர் பள்ளத்தாக்குகளிலும் கடற்கழிக் கரைகளிலும் ஊர் ஊராகத் திரிந்தார். குடியானவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, சொல் சொல்லாகக் குறித்துக் கொண்டார். 1848-இல் மக்கள் மொழிக்கு ஓர் இலக்கணமும் 1850-இல் ஓர் அகராதியும் வெளியிட்டார்.

கிராமத்துப் பேச்சு என்று படித்தவர்கள் ஒதுக்கி வைத்ததிலே, பழைய நார்வீஜிய மொழியின் எலும்பும் சதையும் அப்படியே இருப்பதை அவர் கண்டார். பழைய மொழியில் இந்த ஒப்பீட்டு வால் 'அரி' என்று இருந்தது. உயர்வு வால் 'அஸ்டர்' என்று இருந்தது. ஊருக்கு ஊர் பேச்சு மாறினாலும், 'அ' ஒலி பல வட்டாரங்களில் உயிரோடிருந்தது. ஆகவே ஓசென் தாம் வகுத்த எழுத்து மொழியில் 'அரே, அஸ்ட்' என்று விதி செய்தார். டேனிஷ் ஆட்சிக்கு முன்பு பாட்டன் பூட்டன் பேசிய 'அ'வைப் பேரனின் பேனாவில் மீண்டும் ஏற்றி வைத்தார் என்று சொல்லலாம்.

அதே காலத்தில் க்னுட் க்னுட்சென் என்ற பள்ளி ஆசிரியர் வேறு வழி காட்டினார். டேனிஷ் எழுத்தை அடியோடு தள்ள வேண்டாம். படித்த நார்வீஜியர் உச்சரிக்கும் விதத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகத் திருத்திக் கொண்டால் போதும் என்றார். ஓசெனின் வழி இன்றைய நீநொர்ஸ்க். க்னுட்செனின் வழி இன்றைய பூக்மோல். 1885-இல் இரண்டுக்கும் சம உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் தீர்மானித்தது. இப்போது வழங்கும் பெயர்கள் 1929-இல் சூட்டப்பட்டவை.

இரண்டையும் நாளடைவில் ஒன்றாக்கிவிட வேண்டும் என்று அரசு பல பத்தாண்டுகள் முயன்றது. 1938-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் அந்த நோக்கம் கொண்டது. 1950-களில் ஆஸ்லோ நகரத்துப் பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். தங்கள் வீட்டில் வழங்காத சொல் உருவங்களைப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களில் கண்டு, பேனா எடுத்துத் தாங்களே திருத்தினார்கள்! கடைசியில் 2002-இல் அந்த ஒருமைப்பாட்டுக் கொள்கையை அரசு கைவிட்டது.

இன்று பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீநொர்ஸ்க் முதல் எழுத்து மொழி. மற்றவர்களும் அதைக் கற்றாக வேண்டும். ரூபாய் நோட்டைப் போன்ற அவர்களுடைய குரோனர் நோட்டிலேயே நாட்டு வங்கியின் பெயர் இரண்டு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. ஆஸ்லோ மாணவன் ஒருவன் நீநொர்ஸ்க் பரீட்சையில் 'ஃபீனெரே' என்று எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை பாயும். தன் பூட்டியின் ஊரில் இயல்பாகப் புழங்கிய 'அ' அவனுக்குப் பரீட்சைப் பயமாகி நிற்கிறது.

இதிலே கவனிக்கத் தக்க ஒன்று உண்டு. வயிற்றில் ஒலி மாறும் பழைய சொற்கள் இந்த வழக்கில் சிக்கவே இல்லை. எல்ட்ரே, இங்ரே, ஸ்டொர்ரே, லெங்ரே, திங்ரே, மின்ட்ரே ஆகிய எல்லாம் இரண்டு எழுத்து மொழிகளிலும் ஒரே மாதிரி. வாலுக்காகச் சண்டை போடுகிறவர்கள், மூத்தவர் இளையவர், பெரியது சிறியது என்னும் அடிப்படை அளவுகளில் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

'விட' இல்லாத ஒப்பீடு

இப்போது பூங்காப் பெஞ்சியின் புதிரை அவிழ்க்கலாம். ஒப்பீடு என்றால் இரண்டு பேர் வேண்டும். 'அவர் என் அண்ணனைவிட மூத்தவர்' என்றால் அளவுகோல் கையில் இருக்கிறது. அந்த 'அண்ணனைவிட' என்பதை எடுத்துவிட்டு, 'ஒரு மூத்தவர்' என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? யாரைவிட என்ற கேள்விக்கு விடை இல்லை. அளவுகோல் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகிவிடுகிறது. 'பொதுவாக உள்ளவர்களைவிட' என்றுதான் மனம் பொருள் கொள்ளும். அதாவது, அவர் முதுமையின் பக்கம் சாய்ந்திருக்கிறார். முதுமையை எட்டிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. 'கம்மெல்' என்றால் எட்டிவிட்டார், சந்தேகமே இல்லை.

இளமைப் பக்கமும் இதே கதைதான். 'உங் மன்' என்றால் இளைஞர். 'இங்ரே மன்' என்றால் இளமை முற்றிலும் போய்விடாதவர். ஆக, வயது ஏறும் வரிசையில் நிறுத்தினால் முதலில் உங், அடுத்து இங்ரே, அதற்கடுத்து எல்ட்ரே, கடைசியில் கம்மெல். வெறும் சொற்கள் இரண்டும் இரண்டு கோடியில் நிற்கின்றன. 'அதைவிட' என்று ஓங்கி ஒலிக்க வேண்டிய சொற்கள் இரண்டும் நடுவிலே அடக்கமாக நிற்கின்றன.

பத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பிரயோகம் மிகவும் பிடிக்கும். 'ஒரு ஸ்டொர்ரே தீ விபத்து' என்று செய்தி வந்தால், எந்தத் தீயைவிடப் பெரியது என்று யாரும் கேட்பதில்லை. குறிப்பிடத் தக்க அளவில் பெரியது என்று புரிந்து கொள்வார்கள். 'ஃப்ளேரே' என்ற சொல் இன்னும் வேடிக்கை. அதற்கு 'அதைவிட அதிகம் பேர்' என்றும் பொருள். 'பலர்' என்றும் பொருள். 'என்' கூட வந்தால் முதல் பொருள். இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டாம் பொருள். 'ஒரு பேட்ரே விருந்து' என்றால் எந்த விருந்தையும்விடச் சிறந்தது என்பதல்ல; இலை நிறையப் பரிமாறிய நல்ல சாப்பாடு என்று அர்த்தம்.

நார்வேக்கு மட்டும் இது சொந்தமல்ல. டென்மார்க், சுவீடன், ஜெர்மனி நாட்டாரும் இப்படிப் பேசுகிறார்கள். தெரியாமலே தமிழர்களும் பேசுகிறார்கள்! 'சீனியர் வக்கீல்', 'ஜூனியர் வக்கீல்' என்கிறோம். 'மேஜர்' ஆகாத பையனை 'மைனர்' என்கிறோம். இந்த நான்கும் லத்தீன் மொழியின் ஒப்பீட்டுச் சொற்கள். சீனியர் என்றால் 'அதிக வயதானவர்'. ஜூனியர் என்றால் 'அதிக இளையவர்'. மேஜர் 'அதிகப் பெரியவர்'. மைனர் 'அதிகச் சிறியவர்'. யாரைவிட என்பது எப்போதோ உதிர்ந்து போயிற்று. பட்டம் மட்டும் மிஞ்சிற்று.

நார்வேயில் 'எல்ட்ரே' என்பதற்கு இன்று அரசாங்க மதிப்பே வந்துவிட்டது. முதியோர் பராமரிப்பைக் குறிக்கும் சட்டச் சொல்லிலும் பேச்சிலும் வருவது எல்ட்ரேதான். முதியோர் தொகை பெருகி வருவதை 'எல்ட்ரே அலை' என்கிறார்கள். 2018-இல் 'எல்ட்ரே' நலனுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் என்று ஓர் அமைச்சர் பதவியே ஏற்படுத்தினார்கள். 'கம்மெல்' என்ற சொல்லை அந்தப் பதவியின் பலகையில் எழுத யாருக்கும் மனம் வந்திராது.

வலக்கையும் இடக்கையும்

ஒப்பிட ஆள் இல்லாமலே ஒப்பீட்டு உருவத்தில் நிற்கும் சொற்கள் வேறு சிலவும் உண்டு. மேல், கீழ், உள், வெளி, வட, தென் என்ற திசைச் சொற்கள் அவை. 'ஓவ்ரே' மேலது, 'நேட்ரே' கீழது. இவற்றுக்கு முதல் படியே கிடையாது. பிறக்கும்போதே இரண்டாம் படியில் பிறந்தவை. ஆஸ்லோவில் மேல் அரண்மனைத் தெரு, கீழ் அரண்மனைத் தெரு என்று இரண்டு தெருக்கள் உண்டு. பெயர்ப் பலகையில் முதலில் நிற்பவை இந்த ஓவ்ரேயும் நேட்ரேயும்தான். மேலது என்றால் கீழது ஒன்று இருந்தாக வேண்டுமல்லவா? இரட்டையில் ஒன்றைச் சொல்லும்போதே மற்றது கூடவே நிற்கிறது. அதனால்தான் இங்கே ஒப்பீட்டு உருவம் நிலைத்திருக்கிறது.

நம் இரு கைகளும் அப்படித்தான். வலப்பக்கத்துக்கு நார்வே மொழியில் 'ஹோய்ரே'. பழைய மொழியில் இதன் மூலச்சொல்லுக்கு 'அதிக எளிதானது' என்று பொருள். எந்தக் கைக்கு வேலை எளிதாக வருகிறதோ அது ஹோய்ரே. தமிழ்ப் பிள்ளைகளுக்குச் 'சோற்றுக் கை' என்று சொல்லிக் கொடுப்பதைப் போன்றது இது. இடப்பக்கத்துக்கு 'வென்ஸ்ட்ரே'. அதுவும் ஒப்பீட்டு உருவத்தில் அமைந்த சொல்லே.

1884-ஆம் ஆண்டு நார்வேயில் இரண்டு அரசியல் கட்சிகள் முறையாக அமைந்தன. ஒன்று பழமை பேணுவோர் கட்சி. அதன் பெயர் ஹோய்ரே. மற்றொன்று மிதவாதச் சீர்திருத்தக் கட்சி. அதன் பெயர் வென்ஸ்ட்ரே. இரண்டும் இன்றும் இருக்கின்றன. ஒன்றையொன்று பார்த்து முறைத்துக் கொண்டாலும், எதிராளி இல்லாவிட்டால் இருவர் பெயருக்கும் பொருளே இராது. இரண்டு எழுத்து மொழிகளுக்கும் சம உரிமை தந்த 1885-ஆம் ஆண்டுத் தீர்மானம், வென்ஸ்ட்ரே ஆட்சிக் காலத்தில் நிறைவேறியது.

உயர்த்திச் சொல்லக் கூச்சம்

ஒப்பிடுவதற்கு இத்தனை கருவிகள் இருந்தும், மனிதரை மனிதரோடு ஒப்பிட நார்வீஜியருக்குக் கூச்சம் அதிகம். டென்மார்க்கில் பிறந்து நார்வேயில் குடியேறிய அக்ஸெல் சாண்டெமோசே என்ற நாவலாசிரியர், 1933-இல் வெளிவந்த தம் நாவலில் 'யான்தே' என்ற கற்பனை ஊருக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அவற்றின் சாரம் இதுதான்: எங்களைவிட நீ சிறந்தவன் என்று எண்ணாதே, எங்களைவிட அறிவாளி என்று எண்ணாதே. அவர் அதைக் கண்டித்தே எழுதினார். சிற்றூர்ப் பொறாமை ஒருவனை எப்படி நசுக்குகிறது என்று காட்டவே எழுதினார். ஆனால் 'யான்தே சட்டம்' என்ற பெயர் நாட்டு மக்கள் நாவில் ஒட்டிக்கொண்டது. அக்கட்டளைகள் பலவற்றில் முள்ளாகக் குத்துவது ஒப்பீட்டுச் சொல்தான். 'என்' என்ற அந்தக் குட்டிச் சொல்லும் கூடவே வருகிறது.

புகழும்போதுகூட அவர்கள் ஏணியின் கீழ்ப்படியிலிருந்துதான் தொடங்குவார்கள். நல்ல காரியம் ஒன்றைப் பார்த்தால் 'இக்கெ வெர்ஸ்ட்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மிக மோசமானதல்ல' என்று அர்த்தம். உண்மையில் அது நல்ல பாராட்டு. 'மோசமில்லை' என்று நம் பெரியவர்கள் வாய்க்குள் முனகிப் பாராட்டுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

ஆனால் அன்பு காட்ட வேண்டிய இடத்தில் உயர்வுச் சொல்லுக்குத் தடையில்லை. காதலன், காதலி இருவருக்கும் அங்கே ஒரே சொல்: 'ஷாரெஸ்டெ'. 'மிகவும் பிரியமான' என்ற மூன்றாம் படிச் சொல் அது. நோயுற்றவரைப் பார்க்கப் போனால் 'கூ பேட்ரிங்' என்று சொல்லி விடைபெறுவார்கள். பேட்ரே என்ற ஒப்பீட்டிலிருந்து பிறந்த சொல்; நேற்றைவிட இன்று, இன்றைவிட நாளை தேறட்டும் என்ற வாழ்த்து அதில் இருக்கிறது. வெளியூர் நல்லதுதான், ஆனால் வீடே மிக நல்லது என்பது அவர்கள் பழமொழி. அந்த வீட்டுக்குள்ளேயும் இந்த இலக்கணம் குடி புகுந்திருக்கிறது.

அண்ணனும் பாட்டனும்

1980-களில் இலங்கையிலிருந்து போர்க்காலத் துன்பங்களுக்குத் தப்பி, தமிழர் பலர் நார்வேக்குச் சென்றார்கள். நாட்டின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் பகுதியில், கடற்கரை ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளில் பலருக்கு வேலை கிடைத்தது. ஒரு தமிழர் அங்கே தம் குடும்பத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முதல் வாக்கியத்திலேயே இந்த ஒப்பீட்டு இலக்கணம் தேவைப்படும். தமிழில் 'அண்ணன்' என்றால் போதும். 'தம்பி' என்றால் போதும். நார்வே மொழியில் உடன்பிறந்தான் என்பதற்கு 'ப்ரூர்' என்ற ஒரு சொல்தான். அண்ணனைச் சொல்ல 'எல்ட்ரே ப்ரூர்' என்றும், தம்பியைச் சொல்ல 'இங்ரே ப்ரூர்' என்றும் அடைமொழி சேர்க்க வேண்டும். தமிழில் அடைமொழிக்கு ஒப்பீட்டு உருவம் இல்லையே என்று குறைப்பட வேண்டியதில்லை. மூத்தவன் யார், இளையவன் யார் என்ற ஒப்பீட்டைத் தமிழ் உறவுப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டது. பெரியப்பா, சித்தப்பா என்பவையும் அப்படிப்பட்டவையே.

நார்வே மொழி அதை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. தாய் தந்தையர் இருவரையும் சேர்த்துச் சொல்லும் சொல் 'ஃபொர்எல்ட்ரே'. 'முன்னே வந்த மூத்தவர்கள்' என்ற அமைப்பு. பூங்காப் பெஞ்சியில் கண்ட அதே எல்ட்ரே இங்கே பெற்றோராக வந்து நிற்கிறது. யாரைவிட மூத்தவர்கள் என்ற கேள்விக்கு இங்கே விடை சொல்லவே வேண்டியதில்லை. அவர்களை அப்படி அழைக்கிற பிள்ளையைவிட மூத்தவர்கள்.

பாட்டன் 'பெஸ்டெஃபார்', பாட்டி 'பெஸ்டெமூர்'. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'மிக நல்ல அப்பா', 'மிக நல்ல அம்மா'! இருவரையும் சேர்த்துச் சொல்லும்போது 'பெஸ்டெஃபொர்எல்ட்ரே' என்கிறார்கள். மூன்றாம் படியான பெஸ்டெயும் இரண்டாம் படியான எல்ட்ரேயும் ஒரே சொல்லுக்குள் கைகோத்து நிற்கின்றன. யான்தே ஊர்க் கட்டளைகளை அறிந்த அந்த மக்கள், ஒருவரைப் பார்த்து 'நீங்கள்தான் மிகச் சிறந்தவர்' என்று கூசாமல் சொல்வது இந்த ஒரு தலைமுறையிடம் மட்டும்தான். அதையும் சொல்வது, பேச்சுப் பழகும் குழந்தைகள்!